மாரி கொடுத்த சொற்கள்

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மாரி தன் முதல் பாடத்தில் கிணற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று படிப்பித்தாள். அன்று பின்னேரம், உடுவிலில் தான் தங்கியிருந்த வீட்டின் கிணற்றடியில் குளிக்க நின்றபோது அந்தச் சொல் அவளிடம் இல்லை. வாயைத் திறந்தாள், கையால் காட்டினாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அந்த வீட்டுப் பிள்ளை வினோஜா, எட்டாம் வகுப்பு, காலையில் பழகிய சொல்லை அவளுக்கே திருப்பிச் சொன்னாள். அது சேம்பிலையில் விட்ட தண்ணீர்போல மாரியிடம் நிற்காமல் உருண்டு போயிற்று. வினோஜாவின் தாய் தக்சாயினி உடுப்பைப் பிழிந்தபடியே, "உது கிணறு, பிள்ளை" என்றாள். அது ஒட்டிக்கொண்டது.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து அடுத்து வந்த தை மாதம் அது. வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்சி ஆசிரியை ஒருத்தியை வருடம் முழுக்க வீட்டில் வைத்திருக்க யாருக்குச் சம்மதம் என்று பள்ளிக்கூட அதிபர் பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது, மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கழிவறையை நினைத்துத் தலையைக் குனிய, தக்சாயினி கையை உயர்த்தினாள். மகள் தடங்கலில்லாமல் ஆங்கிலம் கதைக்க வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை. வெங்காயத் தோட்டக்காரனான அவள் கணவன் றமேஸ் விறாந்தையில் பலகை அடித்து ஓர் அறை ஆக்கினான். வந்த பிள்ளையின் பெயர் மாரி என்று கேட்டதும் ஊருக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. ஸ்கொட்லாந்துக் கடலில் உள்ள அவளுடைய தீவில் அது பழைய பெயராம்.

சொற்கள் போகும் ஒழுங்கு சீக்கிரமே பிடிபட்டது. பிள்ளைகள் நன்றாகப் பழகிய சொல் மாரியை விட்டுப் போகும்; அரைகுறையாகப் பழகியது அவளிடமே தங்கும். சித்திரை வரைக்கும் அவளிடம் கொஞ்சமாவது ஆங்கிலம் மிஞ்சியிருந்ததற்குக் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளே காரணம். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர் தொண்டைக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். பாடப்புத்தகம் முடிவதற்கு முதலே ஆசிரியை முடிந்துவிடுவாளோ என்பதுதான் அதிபரின் கவலை. மாரியின் தீவில் மழைக்கு நிறையச் சொற்கள் இருந்தன: சரிந்து அடிக்கும் மழைக்கு ஒன்று, கடலோடு சேர்ந்து வருவதற்கு ஒன்று, விழாமல் நின்றபடியே நனைப்பதற்கு ஒன்று. எல்லாம் வினோஜாவிடம் வந்து சேர்ந்தன. வெயில் கொளுத்தும் நேரத்தில் அவள் அவற்றைச் சொல்லிப் பார்ப்பாள்; குசினிக்குள் ஈரக் கம்பளி வாசம் எழும்பும், சுவர்கள் குளிரும், உப்பு கசியும். செத்தல் மிளகாய் பூஞ்சணம் பிடிக்கக்கூடும் என்று றமேஸ் சாக்கைத் தூக்கிக் கொட்டிலில் வைத்தான்.

வெறுமையான இடங்களில் தக்சாயினியின் சொற்கள் வந்து குடியேறின. தக்சாயினியிடம் அவை குறையவுமில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆடிப்பிறப்புக் கூழில் இனிப்புக் காணாது என்று மாரி சொன்னபோது, அதைச் சொன்னவள் எந்தத் தேசத்துப் பிள்ளை என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாரியின் தாய் போனில் முகம் காட்டிக் கதைப்பாள். தக்சாயினியின் வயதுதான், குளிரில் சிவந்த கைகள். மாரியின் பதில்கள் கிழமைக்குக் கிழமை சுருங்கின. பிறகு தலையாட்டல், பிறகு வெறும் சிரிப்பு. அந்தத் தாய் கேள்விகளை மெதுவாகக் கேட்டாள், சத்தமாகக் கேட்டாள், கடைசியில் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தக்சாயினியின் நித்திரையைக் கெடுத்தது.

"இஞ்சேருங்கோ, இன்னொருத்தியின்ரை பிள்ளையின்ரை வாயிலை இருந்து எடுத்தெல்லோ என்ரை பிள்ளைக்கு ஊட்டிறன்" என்றாள்.

"அவ தாறா, இவள் வாங்கிறாள். நீர் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?" என்றான் றமேஸ். ஆனால் அவனும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

தக்சாயினி மாரியிடமே போனாள். "போதும் பிள்ளை, இனிப் படிப்பிக்காதை."

"அதுக்குத்தானே அன்ரி வந்தனான்." மாரி முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த வினோஜாவைக் காட்டினாள். "குடுத்தது எங்கை போட்டுது? உங்கைதானே நிக்குது."

புரட்டாதியில் புத்தகத்தின் குடும்பப் பாடம் வந்தது. அன்று பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று தக்சாயினி மகளை மறித்தாள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள். தாயைக் கூப்பிடும் சொல்லாவது மாரியிடம் இருக்கட்டும் என்று கெஞ்சியும் பார்த்தாள். வினோஜா படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பின்னேரம் திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே தாய்க்கு விளங்கியது.

அந்த ஞாயிறு போன் அடித்தபோது மாரி எடுத்தாள். திரையில் தெரிந்தவளை அவளுக்கு நன்றாகத் தெரியும். கூப்பிடத்தான் சொல் இல்லை. உதடுகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. கண் நிறைந்து வழிந்தது. அப்போது வினோஜா பக்கத்தில் வந்து இருந்து, போனை வாங்கி, "மம்" என்றாள். அந்தத் தீவின் இழுவை, மாரி சிறுவயதில் கூப்பிட்ட அதே குரல். அங்கே தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மடை உடைந்ததுபோலக் கதைத்தாள். மாரி தமிழில் சொல்லச் சொல்ல, வினோஜா அதை மாரியின் பழைய சொற்களிலேயே சொன்னாள். அந்தத் தாய் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி தன் மகளின் பேச்சைக் கேட்டாள்.

குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த தக்சாயினியின் கை நின்றது. இவ்வளவு காலமும் ஆசைப்பட்ட ஆங்கிலம் இதோ தடங்கலில்லாமல் வருகிறது. வந்து வேறொருத்தியை அம்மா என்கிறது. பொறாமைப்பட்டாள். பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. மாரி உள்ளே வந்து, பக்கத்தில் குந்தி, பாதித் தேங்காயைக் கையிலிருந்து வாங்கினாள்.

"தாங்கோ அம்மா, நான் திருவுறன்."

அந்தச் சொல்லைத் தக்சாயினி அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. எழும்பி, அரித்த அரிசியை மறுபடி அரித்தாள்.

மார்கழியில் மாரி போனாள். போன சொற்கள் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அவளுடைய தாய் மகளிடமிருந்தே மகளின் பாஷையைப் பழகினாள். இப்போது அந்தத் தீவின் மீன் துறைமுகத்தில் இரண்டு பெண்கள் ஓம் ஓம் என்று கதைத்துக்கொண்டு போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொல்கிறார்கள். உடுவிலில் வினோஜா உயர்தரம் படிக்கிறாள். ஞாயிறுகளில் அந்தத் தாயோடு ஆங்கிலத்தில் சண்டைகூடப் பிடிப்பாள். போன மாதம் ஒரு ஞாயிறு இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் போன் அடித்தது. தக்சாயினி எடுத்தாள்.

"சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"இன்னுமில்லை. நீங்கள்?"

"ஓம், இப்பதான். இவள்தான் வடிவாச் சாப்பிடுறாள் இல்லை."

"இஞ்சையும் அதே கதைதான்" என்றாள் தக்சாயினி. கறி அடிப்பிடிக்கப் பார்த்ததால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அகப்பையைத் தேடியபடி மேலே கதைத்தாள்.