பல் பட்ட கார்டு

கல்யாணமாகி நாலு வருஷத்தில் என் கணவரை நான் அடித்தது அன்றுதான் முதல் தடவை. கையில்தான், ஆனால் வலிக்கட்டும் என்றே அடித்தேன். கேமராவின் மெமரி கார்டைச் சொருகியதும் கம்ப்யூட்டர் திரையில், 'இந்தக் கார்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. இவர் விரல் 'சரி'யை அமுக்கப் போய்விட்டது.

"ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்டி. நான் எத்தனை கார்டுக்குப் பண்ணியிருக்கேன்!"

"அதெல்லாம் வேண்டாத கார்டு. மொத்தத்தையும் வழிச்சுத் துடைச்சிடும் அது. இதுல எங்கப்பா குரல் இருக்கு."

இவர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார், மடியில் என் ஐந்து மாதப் பெண்ணை வைத்துக்கொண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் வந்த கட்டிக்காக அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. இரும்புக்கடையில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு ஆணி கேட்டு வந்தவனை அரை மணி நேரம் பேச்சில் உட்கார வைப்பார். தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு சிலேட்டு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவர்தான், "மாமா பேசறதை எடுத்து வெச்சுக்கலாம். போன் வேண்டாம், கேமராவுல நல்லா எடுக்கறேன்" என்றார். இவர் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். நான் அப்போது ஆறு மாதம். வயிற்றில் இருந்த பிள்ளைக்காக அப்பா இருபது நிமிஷம் பேசினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு கார்டை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தோம். அதைக் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் புத்தியும் வரவில்லை.

இப்போது குழந்தை யார் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்புகிறாள். அப்பா உதட்டை அசைத்துப் பேசும்போது மட்டும் திரும்புவதில்லை. திரும்ப அங்கே சத்தம் இல்லையே. அன்று காலை அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'அவளுக்கு என் குரலைப் போட்டுக் காட்டு.' எட்டு மாதத்தில் அவர் கேட்ட ஒரே விஷயம் அது. கார்டு இப்படிப் பல்லை இளிக்கிறது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? "வேற ஒயர் வாங்கணும்ப்பா, வந்துடறோம்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

சலூனுக்கு மேல்மாடியில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஒரு அம்மாவின் கடை. மேஜை முழுக்கக் கழற்றிப் போட்ட லென்சுகள். அந்த அம்மா ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதைக் கடிச்சது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் கார்டு மாற்றும்போது இவருக்குக் கை பற்றாது. புதுக் கார்டைப் பல்லில் கவ்விக்கொண்டு பழையதை உருவுவார். மற்றவர்களுக்குச் சட்டையில் பை இருக்கிறது. இவருக்கு வாய் இருக்கிறது. அப்பா சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது.

"எச்சில் காய்ஞ்சு, இந்தத் தங்கக் கோடெல்லாம் கறுத்துக் கெடக்கு" என்றார் அந்த அம்மா. "உள்ள சாமான் இருக்கும்னுதான் தோணுது. கதவுதான் தொறக்கல. ஃபார்மேட் ஏதும் பண்ணலையே?"

"பண்ண விடலை" என்றேன்.

"பொழைச்சீங்க."

வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து, அந்தக் கோடுகளின் மேல் ஒரே திசையில், குழந்தையின் நகத்தைத் துடைப்பதுபோல மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் தூள் சேர்ந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று இவர் குனிந்து ஊதப் போனார்.

"தம்பி, வாயை மூடுங்க! இந்த வாய் பண்ண வேலைதானே இது?"

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அந்த அம்மா தூரிகையால் தூளைத் தட்டிவிட்டுக் கார்டைச் சொருகினார். மறுபடியும் அதே பெட்டி, அதே கேள்வி. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"பதறாத காரியம் சிதறாது, உக்காரும்மா" என்று சொல்லி இன்னும் ஒருமுறை தேய்த்தார். கறுப்பு போய் மஞ்சள் தெரிந்தது. சொருகினார். இந்தத் தடவை பெட்டி வரவில்லை. ஒரே ஒரு கோப்பு வந்தது, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததற்கு முந்தின நாள் தேதியோடு.

போட்டுப் பார்க்க அந்த அம்மா விடவில்லை. "மொதல்ல நகல், அப்புறம்தான் பார்க்கறது" என்றார். திரையில் நகல் ஏறும் பட்டை பாதியில் கொஞ்ச நேரம் நின்று என் உயிரை வாங்கியது, பிறகு நகர்ந்தது. முடிந்ததும் இரண்டு விநாடி ஓடவிட்டார். ஒரு இருமல் கேட்டது. அப்பா பேச ஆரம்பிக்கும் முன்னால் இருமும் இருமல். "போதும், நிறுத்துங்க. மிச்சத்தை அப்பாதான் முதல்ல கேக்கணும்" என்றேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் இறங்கினேன்.

வழி முழுக்க இவர் கெஞ்சல். "மாமாகிட்ட பல்லு விஷயத்தைச் சொல்லிடாதே. தூசின்னு சொல்லிடலாம்."

பாவம் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டே, "ஒண்ணுமில்ல மாமா, கார்டுல கொஞ்சம் தூசி" என்றார் இவர். அப்பா தலையாட்டினார். நான் ஓடவிட்டேன்.

முதலில் இருமல். பிறகு, இரும்புக்கடைச் சத்தத்தையும் மீறிக் கேட்குமே, அந்தக் குரல்:

"மறுபடியும் கார்டை வாயிலதானே வெச்சீங்க மாப்பிள்ளை? நான் பார்த்தேன். ஒருநாள் இல்ல ஒருநாள் அது உங்க காலை வாரும், பாருங்க!"

அப்பா மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். இவர் திருதிருவென்று விழித்தார். அப்பா சிலேட்டை எடுத்து எழுதினார்: 'தூசி?'

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவின் தோளும் சத்தமில்லாமல் குலுங்கியது. கேமராவில் இருந்த அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதே, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நான்தான் உன் தாத்தா. நான் ரொம்பப் பேசுவேன்னு உங்கம்மா சொல்லுவா. நம்பாதே."

குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அப்பா அவளைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலோடு சேர்ந்து அவர் உதடுகளும் அசைய ஆரம்பித்தன, ஒரு சொல் பிசகாமல். அந்த இருபது நிமிஷத்தை அவர் எட்டு மாதமாக மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். குழந்தை கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அந்த உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.