ஆறு ஏறும் என்றுதான் எழுதினாள்

பொன்முடி மலையில் பாதி ஏறியபோதே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் எவ்வளவு வேகமாக அடித்தும் பாதை தெரியவில்லை. கௌசிக் காரை ஓரம் கட்டினான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஜானவி கண்ணாடியை லேசாக இறக்கி வெளியே பார்த்தாள். ஒரு வளைவில் சாலையைக் கடந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்து, கீழே பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்கே போறது?"

"கல்லாத்துக்குத்தான். வேறே எங்கே?" என்றான் கௌசிக்.

ஜானவி சட்டென்று ஃபோனை எடுத்தாள். அவளுடைய அண்ணன் கேசவும் மன்னி மாளவிகாவும் மற்றொரு காரில் பின்னால் வந்தவர்கள். அடிவாரத்தில் கல்லாற்றில் குளித்துவிட்டு மெதுவாக ஏறுவதாகச் சொல்லியிருந்தார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையில் பெய்கிற மழை அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.

கேசவை அழைத்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஃபோனைக் காரிலேயே போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருப்பான். மாளவிகாவை அழைத்தாள். "ஹலோ" என்ற குரல் பாதியில் அறுந்தது. அதன்பின் அழைப்பே போகவில்லை. செய்தி மட்டும் போனது. மாளவிகா இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவள். கேசவைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகுதான் தமிழ் பேசப் பழகினாள், படிக்க வராது. ஆகையால் அவளுக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள் ஜானவி. அப்போதும் அவசர அவசரமாக எழுதினாள்.

"ஹெவி ரெயின் ஹியர். ஐ டவுட் த ரிவர் வில் ரைஸ். டெல் அண்ணா."

செய்தி படிக்கப்பட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. உடனே உயர்த்திய கட்டைவிரல் ஒன்றும் வந்தது.

"பாத்துட்டா. கரையேறிடுவா" என்று பெருமூச்சு விட்டாள் ஜானவி.

கீழே நடந்தது வேறு. கேசவ் அப்போது கரையேறித் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். மலைப்பக்கம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்து அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. மாளவிகா கையில் ஃபோனோடு சிரித்தபடி வந்தாள்.

"கேசவ், ஜானு மெசேஜ் பண்ணா. மேலே மழை. ஆனா தண்ணி ஏறாதாம்."

"அவளா சொன்னா? அவ மேலேதானே இருக்கா, அவளுக்குத் தெரியும்" என்றான் கேசவ். துண்டைப் பாறைமேல் போட்டுவிட்டு மறுபடி இறங்கி, ஆற்றின் நடுவில் இருந்த பெரிய பாறைவரை போய் ஏறி உட்கார்ந்தான்.

கரையோரம் தேநீர்க் கடை வைத்திருந்த லிங்கராஜ்தான் முதலில் கத்தினார். "ஏறுங்க, ஏறுங்க! கலங்கிட்டு வருது!" குளித்துக்கொண்டிருந்தவர்கள் மலையாளத்தில் "கேறு, கேறு" என்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். கூழாங்கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம் தண்ணீருக்கு முன்னே வந்தது. கேசவ் பாறையிலிருந்து குதித்தான். இரண்டு எட்டு வைத்திருப்பான். முழங்கால் அளவு தண்ணீர் மார்புக்கு ஏறியது. ஒரு மரக்கட்டை வந்து இடித்தது. அவன் தலை தெரிந்தது, மறைந்தது, சற்றுத் தள்ளித் தெரிந்தது.

மாளவிகா கரையோரத் தண்ணீரில் நனைந்தபடி அவன் போன பக்கம் ஓடினாள்.

வளைவில் ஆற்றுக்குள் சாய்ந்திருந்த மரத்தின் வேரில் அவன் கை மாட்டியது. கடையின் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு லிங்கராஜ் ஓடினார். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டபோது கேசவின் வலது கால் இருக்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

மழை விட்டு ஜானவிக்கு ஃபோனில் தொடர்பு கிடைத்தபோது அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவின் வாசலில், ஈரம் காயாத உடையோடு மாளவிகா நின்றாள். ஜானவி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். மாளவிகா கையை இழுத்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஏன் அப்படி எழுதினாய்?"

"எப்படி?"

"தண்ணீர் ஏறாது என்று."

ஜானவிக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "ஏறும்னுதானே எழுதினேன்! ஓடுங்கோன்னுதானே எழுதினேன்!"

மாளவிகா ஃபோனை நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே வரியைப் பார்த்தார்கள்.

"இதோ. 'ஐ டவுட் த ரிவர் வில் ரைஸ்.' ஏறும்னு எனக்கு டவுட்டா இருக்கு. பயமா இருக்கு. இதிலே என்ன தப்பு?" என்றாள் ஜானவி.

"ஆறு ஏறும் என்று நான் நம்பவில்லை, ஏறாது. அதுதான் இதன் அர்த்தம்" என்றாள் மாளவிகா. "வேறு அர்த்தமே கிடையாது, ஜானு."

ஜானவி கௌசிக்கைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே தன் ஃபோனில் அந்த வார்த்தையின் அர்த்தத்தைத் தேடினாள். மன்னி சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. ஒன்று நடக்கும் என்று நம்பாதபோது சொல்வது. ஜானவி சுவரில் சாய்ந்தாள். இன்சூரன்ஸ் ஆபீசில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், ஆபீசில், "ஐ டவுட்" என்று அவள் சொன்னதை எல்லோரும் அவள் நினைத்தபடியேதான் புரிந்துகொண்டார்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். காப்பாற்றுவதற்காக அவள் அனுப்பிய வரி அண்ணனைத் தண்ணீருக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"நான் கொன்னுட்டேனா?" என்று கேட்டாள்.

மாளவிகா ஃபோனை வெறித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று பழைய செய்திகளை மேலே தள்ளித் தேட ஆரம்பித்தாள். ஓரிடத்தில் நின்றாள். முகம் இன்னும் வெளுத்தது.

"அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் வரவில்லையே, அன்று நீ எழுதியது. 'ஐ டவுட் அம்மா இஸ் ஹர்ட்.' இதுவும் அப்படியா?"

ஜானவி மெல்லத் தலையசைத்தாள். அன்று அம்மா சூடாமணி சமையலறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதினாள். பதிலுக்கு மாளவிகாவிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. அம்மா அழுகிறாள் என்று சொன்னதற்கா இது என்று ஜானவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன்பின் மன்னியிடம் அவள் மனசு விட்டுப் பேசியதே இல்லை.

"அம்மாவுக்கு வருத்தமில்லை என்று நினைத்தேன். உனக்கு நன்றி சொன்னேன், ஜானு. ஒரு வருஷமாக அவர்கள் ஏன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று தெரியாமல் இருந்தேன்."

வலியசாலை வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய சூடாமணி அப்போதுதான் நடைபாதையின் கோடியில் தெரிந்தாள். மாளவிகா நேராகப் போய் அவள்முன் நின்றாள்.

"அம்மா, அந்த அறுபதாம் கல்யாணம்... எனக்குத் தெரியலை. நீங்க அழுதது எனக்குத் தெரியலை. ஸாரி."

சூடாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போ எதுக்கடீ அது? என் கொழந்தை எப்படி இருக்கான், அதைச் சொல்லு" என்றவள், அவள் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டாள். "ஐயோ, இன்னும் இந்த ஈரத்தோடயா நிக்கறே?" தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினாள்.

கதவு திறந்து டாக்டர் வந்தார். உயிருக்குப் பயமில்லை, தலையில் உள்காயம் இல்லை, தொடை எலும்புக்குப் பிளேட் வைத்திருக்கிறோம், நடக்க மாதக்கணக்காகும் என்றார். ஜானவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கேசவ் பேசினான். ஜானவி விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டி, "அந்த மெசேஜைக் காட்டு" என்றான். படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இதை நான் படிச்சிருந்தா அந்த நிமிஷமே ஓடியிருப்பேன். நீ என்ன சொல்றேன்னு நேக்குத் தெரியுமே."

அதைக் கேட்டுக் கட்டிலருகே இருந்த மாளவிகா எழுந்து வெளியே போனாள். கேசவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. "ஜானு, போய் அவளைக் கூட்டிண்டு வா" என்றான் பதறி.

ஜானவி போனாள். ஜன்னலருகே நின்றிருந்த மன்னியின் பக்கத்தில் போய் நின்றாள். எந்தப் பாஷையில் தொடங்குவது என்று தெரியவில்லை. மாளவிகாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.