ஆள் வராத துறை

யாருமே போகாத இடமாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அவர்களை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பது வேறு விஷயம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்கு நடுவே, ஒரு மாடியில் என் போட்டோ ஸ்டூடியோ. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே படியேறி வருவார்கள். உட்கார்ந்ததும் போனை நீட்டுவார்கள். 'சேலத்தைச் சுற்றி யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்.' அந்த வீடியோவைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருப்பதாக அதிலேயே போட்டிருக்கும். பன்னிரண்டு லட்சம் பேருக்குத் தெரிந்துபோன பிறகு அதில் என்ன ரகசியம் மிச்சமிருக்கிறது என்று கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஒருவன் ஆத்தூர் பக்கத்தில் ஆள் இல்லாத கடற்கரை ஏதாவது இருக்குமா என்று கேட்டான். பி.இ. படித்தவன். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்த சமயம், மணல் திட்டில் கொண்டுபோய் நிறுத்தி எடுத்துக்கொடுத்தேன். மாலத்தீவு என்று போட்டுக்கொண்டான். பின்னால் ஒரு எருமை நின்றிருந்தது. அதை மட்டும் அழித்துத் தரச் சொன்னான்.

இப்படித்தான் எனக்குப் பெயர் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படமெடுக்க வேண்டுமா, அலெக்ஸிடம் போ, ஆளே இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருப்பான் என்பார்கள். பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் போவேன். டீக்கடை இருந்தால் திரும்பிவிடுவேன். டீக்கடை இருந்தால் ஆள் வந்துவிடும். தண்ணீரும் நிழலும் இருந்து, மனுஷ வாடை இல்லாவிட்டால் அதைக் குறித்துக்கொள்வேன். இவ்வளவு நல்ல தண்ணீர்க்கரைக்கு ஏன் ஒரு ஆளும் வருவதில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

வளவனும் சரிதாவும் வந்தது கார்த்திகை மாசக் கடைசியில். வளவன் நாமக்கல்காரன்; அப்பாவுக்கு நான்கு போர்வெல் ரிக் ஓடுகிறது; இவன் பெங்களூரில் வேலை. சரிதா அயோத்தியாப்பட்டணம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதலில் அவர்கள் கேட்டபடி ஆலப்புழைக்கே போனோம். அங்கே ஒவ்வொரு படகிலும் ஒரு ஜோடி. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் இன்னொருத்தன் தன் வருங்கால மனைவியைத் தூக்கிக்கொண்டு நின்றான். சரிதாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, இதுக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயே எடுத்திருக்கலாம்."

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான். என்னிடம் வந்தவர்களில் கேமராவைப் பார்க்காமல் சிரித்தவள் அவள் ஒருத்தி. சரி, இவளுக்கு நல்ல இடமாகக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் வளவன் வீட்டாருக்குப் பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. அவர்கள் நாமக்கல்லுக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. தோட்டத்தில் துணி மாற்றிக்கொள்ளலாம் என்று போனோம். அதற்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டரில் ஒரு ஏரி, நான் முன்பே குறித்து வைத்திருந்தது. பெரிய புளியமரம், அதன் கீழே தண்ணீருக்குள் இறங்கும் மூன்று கல்படி, ஓரத்தில் அகலமாக ஒரு சப்பட்டைக் கல். மார்கழிப் பனி மலையையே மறைத்திருந்தது. வளவன் வாயைப் பிளந்தான்.

"எங்க தோட்டத்துக்குப் பின்னாடி இப்படி ஒரு இடமா? சின்ன வயசுல லீவுக்கு வந்தா இந்தப் பக்கமே விடமாட்டாங்க அண்ணா. எங்க வீட்ல ஒருத்தரும் சொல்லலையே."

பிள்ளைகளை ஏன் இந்தப் பக்கம் விடவில்லை என்று பெங்களூரில் மாசம் ஒன்றரை லட்சம் வாங்குகிறவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு போனவரிடம் மட்டும் இங்கே ஆள் வருவார்களா என்று கேட்டேன். "சோலி இருந்தா வருவாங்க" என்றார். என்ன சோலி என்று கேட்டிருக்கலாம். படியெல்லாம் உடைந்த பானை ஓடுகள் கிடந்தன. காய்ந்த மாலைகள், துருப்பிடித்த பிளேடுகள். குடிகாரப் பயல்கள் எதையும் விட்டுவைப்பதில்லை என்று திட்டிக்கொண்டே நானே பெருக்கித் தள்ளினேன். சரிதாவை அந்தக் கல்லில் உட்காரவைத்து, காலைத் தண்ணீரில் விடச் சொன்னேன். கல்லுக்கு நடுவே ஒரு வெடிப்பு ஓடியது. பார்க்க நன்றாக இல்லையென்று சேலையை விரித்து மறைத்தேன். ஒரு மீன் அவள் காலைக் கடித்திருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம்.

இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன். சொன்னால் அடுத்த வாரமே சேலத்து ஸ்டூடியோக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள்.

தை மாசம் நாமக்கல்லில் கல்யாணம். முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு. மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு எல்இடி திரை வைத்து வீடியோவை ஓடவிட்டிருந்தேன். ஆலப்புழைக் காட்சி வரும்போது எல்லோரும் பந்திக்கு இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி வந்ததும் நிமிர்ந்தார்கள். உடனே என்னிடம் வந்து ஒரே கேள்வி.

"கேரளாவுங்களா?"

பங்காளி கேட்டார், மாமன் கேட்டார், ஊர்த் தலைவர் கேட்டார். பாதிப் பேர் அந்த அடிவாரத்து ஊர்க்காரர்கள். சொந்த ஊர் ஏரியைத் திரையில் பார்த்துவிட்டுக் கேரளாவா என்கிறார்கள். நல்லதாக எதைக் கண்டாலும் அது நம்முடையதாக இருக்காது என்பதில் இந்த ஜனங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது.

ஏழு மணி இருக்கும். கைகழுவும் பக்கத்து வாசலை ஒட்டி நின்றிருந்த ஒரு அம்மா மெதுவாக என் மேஜைக்கு வந்தார். அறுபது வயசுக்கு மேல். வெளிறிய சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். வளவனின் பெரியம்மா, பெயர் அத்தாயி. மத்தியானத்திலிருந்து அந்த வாசலை விட்டு அவர் நகரவில்லை.

"சாமி, இந்தப் படம் எடுத்தது நீங்களாங்க?"

"ஆமாங்கம்மா."

"அந்தத் தண்ணிக்கரை எங்கீங்க?"

"அது தொழில் ரகசியங்கம்மா" என்றேன்.

"நம்ம தோட்டத்துக்குப் பொறத்தாலதானுங்க? புளியமரத்துக்குக் கீழ மூணு படி. ஓரத்துல ஒரு சப்பட்டைக் கல்லு."

எனக்கு ஒரே சந்தோஷம். "கண்டுபிடிச்சிட்டீங்களே. ஐநூறு பேர்ல நீங்க ஒருத்தர்தான்."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அது கருமாதித் துறைங்க சாமி. எங்கூர்ல ஆரு செத்தாலும் பதினாறாம் நாளு காரியம் அங்கதான். ஆம்பளைங்க மொட்டையடிச்சுத் தலை முழுகறதும் அங்கதான்." திரையைப் பார்த்தார். "அந்தக் கல்லு பொம்பளைங்களுக்குங்க. புருசன் செத்தா அதும்மேல உக்காரவெச்சுத்தான் தாலிய வாங்குவாங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி நானும் உக்காந்தேன்."

திரையில் சரிதா அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களில் கருமாதி இல்லை, துறையும் இல்லை. கல்லறைத் தோட்டம்தான். நவம்பர் இரண்டாம் தேதி மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவதோடு சரி. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்தச் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பானை ஓடும் பிளேடும் மாலையும் ஒரே படியில் கிடந்தால் ஒரு குருடன் தடவிப் பார்த்தே சொல்லியிருப்பான். இத்தனை நேரம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவனின் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

விஷயம் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடிந்தால் முகூர்த்தம். கல்யாணம் நின்றாலும் நிற்கும். நிற்காமல் நடந்துவிட்டாலும் பழி போகாது. என்மேல் அது ஒரு வாரம் நிற்கும். சரிதா தலையில் ஆயுசுக்கும் நிற்கும். வளவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் சரி, ரிக் ஒன்று தண்ணீர் கிடைக்காமல் ஆயிரம் அடி போனாலும் சரி, தாலி ஏறும் முன்னாலேயே தாலி அறுக்கிற கல்லில் உட்கார்ந்தவள் என்று அவளைத்தான் சொல்வார்கள்.

அத்தாயியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "அந்தப் புள்ளயத்தான் சொல்லுவாங்க சாமி. என்னைய இன்னமுஞ் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. படத்த நிறுத்திப்போடுங்க."

நிறுத்தினேன். நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று. மேடையருகே நின்றிருந்த சுப்பம்மாள் நேராக என்னிடம் வந்தார். அவர்தான் வளவனின் அம்மா. சகுனம் பார்க்காமல் வாசற்படி தாண்டாதவர். மண்டபத்துக்குள் என் கேமராப் பெட்டி எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்பதற்குக்கூட நல்ல திசை பார்த்தவர்.

"ஏனுங்க போட்டோக்காரரே, படத்த ஏன் நிறுத்திப்போட்டீங்க?"

"மிஷின் சூடாயிருச்சுங்கம்மா."

"கடைசில ஒரு கல்லு வருதுங்களே, அதை எங்கியோ பாத்தாப்புல இருக்குது. மறுக்காப் போடுங்க, பாக்கறேன்."

ஆறட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. போட்டேன். கல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே போனார். பக்கத்து நாற்காலிகளில் நான்கைந்து பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஏனுங்கக்கா" என்றார் அத்தாயியைப் பார்த்து. "இது நம்ம துறையாட்டம் இல்ல?"

மேடையில் சரிதா யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றிருந்தாள். ஊரையே ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் கிடைக்கவில்லை.

அத்தாயி திரையை வெகுநேரம் பார்த்தார். அந்தக் கல்லை அவர் பார்க்கிற விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"இல்ல சுப்பம்மா. நம்ம கல்லுல நடுமத்தில வெடிப்பு இருக்கும். அதுல உக்காந்தவ நானு, எனக்குத் தெரியாதா? இது கேரளா."

சுப்பம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். உட்கார்ந்தவள் சொன்ன பிறகு அதற்குமேல் யார் என்ன கேட்பது. நாற்காலிப் பெண்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள்.

"அதானுங்களே" என்றார் சுப்பம்மாள். "நம்மூர்ல இப்படி ஒரு எடம் எங்கிருந்து வருது."

காலரைச் சரிசெய்கிற சாக்கில் மேடைக்கு ஏறி, யார் கேட்டாலும் கேரளா என்று சொல்லும்படி வளவனின் காதில் ஓதினேன். ஏன் என்றான். போட்டி ஸ்டூடியோக்காரன் வந்திருக்கிறான் என்றேன். அவன் ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கண்ணைச் சிமிட்டினான். கீழே இறங்கிப் பார்த்தபோது அத்தாயி பழையபடி கைகழுவும் வாசலருகே நின்றிருந்தார். கையெடுத்துக் கும்பிட நினைத்தேன். கும்பிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். தாலித் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆளாளுக்குத் தாலியைத் தொட்டுக் கும்பிட்டு அட்சதையை எடுத்துக்கொண்டார்கள். தட்டு மேடைக்கு இடப்பக்கத் தூண் வரை வந்தது. தூணருகே நின்ற அத்தாயியைத் தாண்டி அடுத்த ஆளிடம் போயிற்று. அவரும் கையை நீட்டவில்லை.

சுப்பம்மாள் என் பக்கம் குனிந்தார்.

"போட்டோக்காரரே, அக்கா அந்தத் தூணுகிட்ட நிக்கறாங்க பாருங்க. தாலி கட்டறப்ப படத்துல வந்துறாமப் பாத்துக்குங்க. நல்ல காரியம் பாருங்க."

மனசுக்குள் அந்த அம்மாளை வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். வாய் மட்டும் "சரிங்கம்மா" என்றது.

கெட்டிமேளம் கொட்டினார்கள். சரிதா தலையைக் குனிந்தாள். கேமராவுக்குள் பார்த்தால் அவள் தோளுக்குப் பின்னால் தூணும், தூணை ஒட்டி அந்த வெளிறிய சேலையும் தெரிந்தன. அத்தாயியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கை கூப்பியிருந்தது. நான் ஒரு எட்டு தள்ளி நின்று, அவர் படத்தில் விழாமல் எடுத்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. ஆல்பத்துக்கு அட்டையாக அதைத்தான் போட்டிருக்கிறேன்.