தோள் வலி

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, சட்டையைக் கழற்றாமலே பொத்தானைத் தைத்தேன். பம்மலிலிருந்து வந்த பஸ்ஸின் நெரிசலில் அறுந்து போயிருந்தது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது அவர் மார்பில் சுண்ணாம்பும் தோலுமாக அந்த வாடை அடித்தது. எத்தனை முறை குளித்தாலும் போகாத வாடை. "டாக்டர் குத்தறதுக்கு முன்னாடி நீயே குத்திடுவே போல கீதே, சௌந்தரி" என்றார். பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த கரீம் பாய் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் பாயுமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

1986, பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. என் கணவர் ஏசுபாதம் தோல் ஷெட்டில் மிஷின் ஓட்டியவர். நான்கு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். கல்லீரல் வீங்கியிருந்தது, காரணம் தெரியவில்லை. விலாவின் வழியாக ஊசியைச் செலுத்தி, நூல் போல ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சம்பந்தம் சொல்லியிருந்தார்.

அந்த ஊசி அப்போது புதிதல்ல. ஊசி போட்டுக்கொண்டவரை ஒரு ராத்திரி படுக்கவைத்து, மறுநாள் அனுப்புவது வழக்கம். படுக்கை கிடைக்காமல் எத்தனையோ பேர் திரும்பிப் போனார்கள். ஆறு மணி நேரம் கவனித்துவிட்டு அன்று மாலையே அனுப்பினால் போதுமா என்பதை டாக்டர் சம்பந்தம் ஆராய்ந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் ஆறு பேர். சம்மதத் தாளை நான்தான் என் கணவருக்குப் படித்துச் சொன்னேன். பால்வாடியில் டீச்சர் என்பதால் எங்கள் தெருவுக்கே எழுத்து வேலை என்னுடையது.

"வலி ஏதாவது இருந்தா ராத்திரி இங்கேயே வெச்சுக்குவோம். இல்லேன்னா நாலரைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

இவருக்கு அந்த நாலரைதான் காதில் விழுந்தது. மறுநாள் பூசைக்குப் பிறகு அவர் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். இவர்தான் ஞானத்தகப்பன். குழந்தையைக் கையில் வாங்க வேண்டியவர். ஞானத்தகப்பன் வரவில்லை என்றால் ஊரெல்லாம் என்ன ஏது என்று கேட்கும். காய்ச்சல் வந்த நாளிலிருந்தே அவருக்கு அது ஒரு ரோஷமாக இருந்தது. சீக்காளி என்று வேறு ஆள் பார்த்துவிடுவார்களோ என்று.

பத்தரைக்கு ஊசி போட்டார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று வந்து படுத்தார். இரண்டரை மணி நேரம் வலது பக்கமாகவே, அசையாமல் படுக்க வேண்டும். சிஸ்டர் செல்வமேரி கால் மணிக்கு ஒரு தடவை வந்து நாடி பார்த்து, ஒரு தாளில் எழுதினாள். ஒவ்வொரு முறையும் கேட்டாள்: "வயிறு வலிக்குதா அண்ணா?"

"இல்ல சிஸ்டர்."

நாடி எழுபத்தாறு. எழுபத்தெட்டு. எழுபத்தாறு.

ஒரு மணிக்கு நிமிர்ந்து படுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னாவோ இழுக்குது. ஒரே பக்கமா படுத்துகினு இருந்தேன் பாரு."

"சிஸ்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"பேஜார் பண்ணாத. வயித்துல ஒண்ணும் இல்லியே. தோளுன்னு சொன்னாலும் வலின்னு எழுதிக்கினு படுக்க வெச்சிடுவாங்க. நாளைக்கு யாரு புள்ளையத் தூக்கறது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊசி குத்தியது விலாவில். வலி தோளில். ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன? பையிலிருந்து தைலத்தை எடுத்து, போர்வைக்கு உள்ளேயே கையை விட்டுத் தேய்த்தேன். "இன்னும் அழுத்து" என்றார். அழுத்தினேன்.

அடுத்த முறை வந்த சிஸ்டர் மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா, தைல வாசனை?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தலைவலி சிஸ்டர்" என்றேன்.

நாடி எண்பத்தெட்டு.

இரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு. சிஸ்டர் விரலை எடுக்காமல் மறுபடியும் எண்ணினாள். "பயமா இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். "வூட்டுக்குப் போற சந்தோஷம்" என்றார் அவர். எதிர்க் கட்டிலிலிருந்து கரீம் பாய், "சம்சாரம் பக்கத்துல குந்திகினு இருந்தா யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது?" என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெத்தென்றுதான் இருந்தது. "வலி?"

"இல்ல சார்."

"வேற எங்கேயாவது?"

அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதி திரும்பியபடி, தாளில் எழுதிக்கொண்டே கேட்டார். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். என் விரல்களில் தைலம் எரிந்துகொண்டிருந்தது. நான் அவற்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மறுபடி கேட்டார். நெற்றியைத் துடைத்த துண்டு நனைந்துவிட்டது. கொட்டாவி மேல் கொட்டாவி. மூன்று மணிக்குச் சிஸ்டர் நாடியைத் தொட்டவள், எழுதாமலே தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். அவர் கை ஜில்லென்றிருந்தது. "சௌந்தரி, லைட்டு அணைஞ்சிடுச்சா?" என்றார். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ரத்தம் கசிகிறது, வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும் என்றார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள். கரீம் பாய் கூட வந்திருந்த தன் மருமகனை எழுப்பி ரத்தம் கொடுக்க அனுப்பினார். நான் தோல் ஷெட்டுக்குப் போன் போட்டேன். மூன்று பேர் வேலை உடையோடே வந்தார்கள், தம்பியும் வந்தான். கதவுக்கு வெளியே நின்றோம். ஐந்து மணிக்குச் சிஸ்டர் வெளியே வந்து, "தைச்சிக்கிட்டிருக்காங்க" என்றாள். ஆறு நாற்பதுக்கு டாக்டர் வந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் அவர் போகவில்லை. "அம்மா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். மத்தியானம் தோள் வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?"

தம்பி என் பக்கத்தில் நின்றிருந்தான்.

"இல்லை" என்றேன்.

அவரை அடக்கம் செய்தோம். ஞானஸ்நானம் தள்ளிப்போனது. வந்தவர்களெல்லாம் டாக்டரைத் திட்டினார்கள். ஆராய்ச்சிக்கு ஆள் பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். நான் பேசவில்லை, அது அவர்களுக்கு ஒப்புதலாகப் பட்டிருக்கும். எனக்கு ஒரே கேள்விதான். தோளைப் பற்றி ஏன் கேட்டார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது வேறொரு கேள்வியாக மாறியது. நாளைக்கு ஆறு பேர் வருவார்கள். அதில் ஒருத்தி போர்வைக்கு உள்ளே கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால்?

பஸ் ஏறிப் போனேன். டாக்டர் சம்பந்தம் தன் அறையில் தனியாக இருந்தார். எழுந்து நின்றார். நான் உட்காராமலே சொன்னேன். தோள் வலித்தது, ஒரு மணிக்கு. தைலம் தேய்த்தேன். சிஸ்டரிடம் பொய் சொன்னேன். உங்களிடமும்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு மேலே ஒரு திரை. ரத்தம் கசிந்து அதைத் தொட்டால், வலி தோளில்தான் தெரியும். வயிற்றில் தெரியாமலும் இருக்கலாம்.

"அப்பவே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"ரெண்டு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அது பொய்." காகிதத்தை மடித்தார். "எங்க தாள்ல வயிறுன்னு மட்டும்தான் போட்டிருந்தோம். தோள் எனக்குத் தெரியும். மறைக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். வலி இல்லேன்னாதான் வீட்டுக்குன்னு சொன்னதும் நான்தான். அப்படிச் சொன்னா யாரு வலின்னு சொல்லுவாங்க?"

மறுநாள் ஆறு பேரையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் ஆராய்ச்சியை நிறுத்தி, மேலே உள்ளவர்களிடம் எழுத்தில் கொடுத்தார். திரும்பத் தொடங்கியபோது, வலி இருக்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் ராத்திரிக்கு ஒரு படுக்கை ஒதுக்கிவைத்த பிறகே ஊசி போட்டார்கள்; அதனால் சனிக்கிழமைக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் முடிந்தது. கால் மணிக்கு ஒரு தடவை தோளையும் தொட்டுக் கேட்டார்கள். கூட வந்தவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சிஸ்டர் செல்வமேரி கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது இதைச் சொன்னாள். தைலத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தம்பியிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு வருடம் ஆனது. அவன் எழுந்து வெளியே போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். "அண்ணன் உன்னச் சொல்லவும் விட்டிருக்காது அண்ணி" என்றான். அது உண்மைதான். ஆனால் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் டாக்டருக்கு ஒரு கார்டு போட்டேன். இதுவரை எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டு. பதில் வந்துவிடும். எண்பத்தொன்பதில் நூற்று நாற்பது. தொண்ணூறில் இருநூறுக்குக் கொஞ்சம் மேல். தொண்ணூற்றொன்றில் ஆராய்ச்சி முடிந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தார். என் கணவருக்குப் பிறகு நான்கு பேருக்கு ரத்தம் கசிந்ததாம். நான்கு பேருமே பிழைத்து வீட்டுக்குப் போனார்களாம். இறந்தவர்கள் என்ற இடத்தில், முதல் வருடத்தைப் போலவே, ஒன்று என்றிருந்தது.