இஸ்ரமீன்

எழுபதாம் ஆண்டு, கடலில் இல்லாத ஒரு மீனுக்காக எங்கள் வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தினோம். எல்லாம் என் மனுசன் பிலிப்புவின் கெட்டித்தனம்.

தொட்டால் தோல் சொறியும் வழுவழுத்த கடற்பிராணியான சொறிமுட்டை ஒட்டிக் காய்ந்த வலையை உதறும்போதெல்லாம் அவருக்குக் கண் சிவந்து வீங்கும். கடியும் அரிப்பும் தாங்காமல் கசக்கு கசக்கென்று கசக்குவார். ஊர்காவற்துறை ஆசுப்பத்திரிக்குப் போனவர் ஒரு குப்பி மருந்தோடும் ஒரு மீனோடும் திரும்பி வந்தார்.

"கண்ணிலை இஸ்ரமீன் கூடிப்போச்சாம். அதுதான் கடி."

"அதென்ன மீன்?"

"கேக்கேல்லை. கடலிலை பிறந்து வளந்தவன், டாக்குத்தரிட்டைப் போய் மீன் விசாரிக்கிறதே?"

அடேயப்பா, என்ன மானம்!

அடுத்த வீட்டுச் சில்வெஸ்ரர் அண்ணைக்குத் தெரியாத மீன் உண்டா? "ஓமோம், நெடுந்தீவுக்கு மேற்காலை படுறது. சிவத்த செட்டை. நான் ரெண்டுதரம் பிடிச்சனான். மீனாலை வந்த வருத்தத்துக்குக் கண்ணிலை ஏன் மருந்து?" என்றார். குப்பி அலுமாரிக்குப் போனது. மீன்பிடிகாரன் வீட்டுச் சட்டியில் கத்தரிக்காய் கொதித்தது. மனுசன் மட்டும் பழையபடி வலையை உதறினார், பழையபடி கண்ணைக் கசக்கினார். கசக்காதையுங்கோ என்று கத்தி என் வாய் உளைந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வலது கண்ணைத் திறக்க ஏலாமல் போயிற்று. நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

"ஐயா, அந்த இஸ்ரமீன் எண்ட பயத்திலை ஒரு மீனும் வாயிலை வைக்கேல்லை" என்றேன்.

டாக்குத்தர் சிரிக்கவில்லை. "அது மீன் இல்லையம்மா, ஹிஸ்ரமீன். எல்லாற்றை உடம்பிலையும் ஊறுற ஒரு சாமான். காய்ஞ்ச சொறிமுட்டைத் தூள் கண்ணிலை பட்டால் அது பொங்கும், கண் கடிக்கும்." பிலிப்புவின் பக்கம் திரும்பினார். "வலையை ஈரத்தோடை கழுவும், மருந்தை விடும், கசக்காதையும் எண்டெல்லோ உமக்குச் சொன்னனான்? இப்ப கருவிழி புண்ணாப்போச்சு."

அத்தனையும் சொல்லியிருக்கிறார்! என் மனுசனுக்கு மீன் மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. ஏசத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

புண் ஆறியது. கண்ணில் பூ விழுந்தது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம்.

பார்க்க வந்த சில்வெஸ்ரர் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். டாக்குத்தர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டாக்குத்தருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? யோசியாதையும் பிலிப்பு. நான் பிடிச்ச பருமன் மீனெண்டால் ரெண்டு கண்ணையும் கொண்டு போயிருக்கும்."

பிலிப்பு மிஞ்சிய கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஓம் அண்ணை" என்றார்.