பெட்டிசத்தில் இருந்த மண்மேடு

மசூரை எனக்கு ஆகாது. அவருக்கும் என்னைக் கண்ணில் காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேள்விப்பட்டுவிட்டு, நாங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்து ஓய்வு பெற்றவர் மசூர். அதன் பிறகு பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு கடை அறையை எடுத்து, வீடு, கடை, பூங்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் படம் வரைந்து கொடுத்து வந்தார். அளப்பதில் பிழை விடமாட்டார். யோசிப்பதில்தான் பிழை. அவர் வரைந்த சிறுவர் பூங்கா முதல் மாரியிலேயே குளமாகிப் போனது. ஊஞ்சல் பலகைகள் தண்ணீரில் மிதக்க, பிள்ளைகள் தூண்டிலோடு வந்து நின்றார்கள்.

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் நிலத்தோற்றக் கட்டடக்கலை படித்தவள். எங்கள் ஊரான மருதமுனையில் அதற்குப் ‘பூமரப் படிப்பு’ என்று பெயர். பட்டம் மட்டும் போதாது. இரண்டு வருடம் வேலை செய்து பதிவேடு எழுதி, இத்துறைக்கான கொழும்பு நிறுவகத்தின் கடைசிச் சோதனையில் தேறினால்தான் பதிவு இலக்கமும் முத்திரையும் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் ஒரு வரைபடத்தில் என் பெயரில் கையெழுத்து வைக்கலாம். முதல் தடவை நேர்முகத்தில் தவறிவிட்டேன். இரண்டாம் தடவையும் தவறினால் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஊஞ்சல் மிதந்த அந்த மாரியில் கட்டட அனுமதி தரும் மாநகர சபைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ‘மசூர் என்பவர் இத்துறையில் தகுதி பெற்றவரல்லர். அவருடைய கையொப்பம் செல்லுபடியற்றது. அவர் தரும் வரைபடங்களை ஏற்க வேண்டாம்.’ மூன்றே வரி. அடுத்த வாரமே அவருடைய படங்கள் திரும்பி வரத் தொடங்கின. கொழும்பில் யாரையோ பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை அவருக்கு. அதுவரை ‘மசூர் மாமா’ என்றுதான் கூப்பிடுவேன். அதன் பிறகு எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் கேட்க அவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன புள்ள, உன்ட தோட்ட வேலயெல்லாம் எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது. உங்கட ஊஞ்சல் காஞ்சிட்டா?" என்றேன். பக்கத்தில் இருந்தவருக்குப் புரைக்கேறிவிட்டது.

சோதனைக்கு நான் காட்ட வேண்டிய வேலை மையவாடி என்ற எங்கள் ஊர் அடக்கஸ்தலத்துக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு வாடைக் காற்றுக் காலத்திலும் கடல் எழும்பி அடக்கஸ்தலத்தின் கிழக்கு மதில் வரைக்கும் வந்துவிடும். மதில் இரண்டு தடவை விழுந்தது. கல் போட்டார்கள், மண்மூட்டை அடுக்கினார்கள். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகம், ‘இந்தப் புள்ளயும் ஒருக்காப் பாக்கட்டும்’ என்று கரையை என்னிடம் தந்தது. நான் ஒரு கூடை மண்கூடக் கொண்டுவரவில்லை. தென்னோலைக் கிடுகு வேலியை வரிசையாக நட்டு, இடையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தாழையும் வைத்தேன். காற்று மண்ணைக் கொண்டு வந்தது, கொடி அதைப் பிடித்து வைத்தது. மூன்று வருடத்தில் எண்பது மீற்றர் நீளத்துக்கு நெஞ்சளவு மண்மேடு எழும்பி நின்றது. போன வாடைக்கு மதிலில் ஒரு துளி அலை படவில்லை.

ஆனால் பார்க்கிறவனுக்கு அது வெறும் பத்தை. முள்ளும் கொடியும் காய்ந்த சருகும்தான் தெரியும். நான் வேலை செய்திருக்கிறேன் என்பதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை. வீட்டில் யாருக்கும் நான் விளக்கிச் சொன்னதும் இல்லை. சொன்னாலும் விளங்காது என்ற நினைப்புத்தான், மறைப்பானேன்.

பரீட்சகர்கள் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் முழுக்க நான் கல்முனையில் படங்களை அச்செடுத்துக்கொண்டு நின்றேன். வியாழன் காலை ஏழு மணிக்குக் கடற்கரைக்குப் போனால் மண்மேட்டைக் காணவில்லை.

கரம் போர்ட் போலத் தட்டையாகக் கிடந்தது கரை. வாரியால் கோடு கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு, கலர்க் கொடிகள், ஒரு தகரப் பந்தல், அதற்குள் வெள்ளைத் துணி விரித்த மேசை. ஒரு ஓரத்தில் என் அடம்பன் கொடி முழுவதும் குவியலாகக் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. மண் வாரும் பெக்கோ இயந்திரத்தின் சக்கரத் தடம் மதில் ஓரமாக நீளத்துக்குப் போயிருந்தது.

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வாயில் வந்தது. நேரே மசூரின் கடைக்குப் போனேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

"என்ட மூணு வருஷத்த அழிச்சிப் போட்டீங்களே! ஒரு பொம்புளப் புள்ளயோட சண்ட பிடிக்க உங்களுக்குப் பெக்கோ வேணுமா?"

மசூர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "நான் ஒரு புல்லும் புடுங்கல்ல. உன்ட ஷிப்லி காக்காட்டப் போய்க் கேளு."

"பொய்!"

"நேத்துப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு இருவது பேரக் கூட்டிக்கிட்டு வந்தான். சிரமதானமாம், கரையத் துப்புரவாக்குறதாம். கரையில நிண்டு நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."

"பாத்துக்கிட்டு நிண்டீங்களா? ஒரு சொல்லு சொல்லியிருக்க ஏலாதா?"

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? படிச்சவ நீ. உன்ட ஊட்டு ஆக்களுக்கு நீயெல்லோ சொல்லியிரிக்கணும்."

அந்த ஆத்திரத்தோடு திரும்பிக் கரைக்கு வந்தபோது ஷிப்லி காக்கா அங்கே நின்றார். என் கூடப்பிறந்த மூத்தவர். என் படிப்பைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, சர்பத் வாளியோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எப்பிடிப் புள்ள இரிக்கி? கொழும்பால வாற ஆக்கள் இந்தப் பத்தையக் கண்டா உன்ன என்ன நினைப்பாங்க? தங்கச்சிட சோதினை எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னன், அவ்வளவு பேரும் வந்திட்டானுகள். பாம்புப் புத்தையும் இடிச்சாச்சி."

"காக்கா, நீங்க நெருப்பு வச்சது பத்தைக்கி இல்ல. அதுதான் என்ட சோதினை."

அவர் முதலில் சிரித்தார். பிறகு புகைந்த குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சர்பத் வாளியைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்ட கண்ணில முழிக்காதீங்க. போங்க!" என்றேன். அவர் போகவில்லை. வாளியோடு மதில் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். என் வாழ்க்கையில் ஒரு ஆளை அடிக்க வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது அன்றைக்குத்தான்.

சரியாகப் பத்து மணிக்குத் தனஞ்சயன் வந்தார். நிறுவகத்தின் பிரதான பரீட்சகர் அவர். குறிப்பெடுக்க ஒரு பெண்ணும் கூட வந்திருந்தாள். தேநீர்க் கடைக் கூட்டமும் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள் குடையைப் பிடித்தபடி மசூர். நான் விழுகிறதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தனஞ்சயன் கரையை மேலும் கீழும் பார்த்தார். "எங்க உங்கட வேலை?"

உள்ளதைச் சொன்னேன். படங்களையும் என் அளவுப் புத்தகத்தையும் நீட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"நீங்க பொய் சொல்றீங்க எண்டு நான் சொல்லல்ல. ஆனா உங்கட வேலைக்கு நீங்களே சாட்சி சொல்ல ஏலாது. வேலையும் இல்ல, வேற ஒராள்ட பதிவும் இல்ல எண்டா நான் என்னத்தப் பாத்துப் புள்ளி போடுற?"

அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அவர் தன் பையிலிருந்து தடித்த காகிதக் கோவை ஒன்றை எடுத்தார்.

"இதையும் கேக்கத்தான் இருந்தன். உங்களுக்கு எதிரா எங்களுக்கு ஒரு பெட்டிசம் வந்திரிக்கு."

யார் எழுதியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. குடைக்குக் கீழே மசூர் தொண்டையைச் செருமினார்.

தனஞ்சயன் வாசித்தார். மேற்படி பெண் மையவாடி மதிலுக்கு வெளியே அனுமதியின்றி மண் குவித்து வருகிறார். முட்செடிகளை வளர்த்துப் பாம்புக்கு இடம் கொடுக்கிறார். இதை நிரூபிக்க, மையவாடி வாசற்படியை அடிமட்டமாக வைத்து, கரையில் பன்னிரண்டு இடங்களில் மாதந்தோறும் மட்டம் எடுக்கப்பட்டுள்ளது. பின்னிணைப்பு முப்பத்தாறு பக்கம், திகதியிட்ட படங்களுடன்.

அவர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. "ஏழாவது இடம். முதல் மாசம் நாப்பது சென்ரிமீற்றர். மறு வருஷம் எம்பத்தஞ்சு. போன மாசம் ஒரு மீற்றர் முப்பது." என்னைப் பார்த்தார். "நீங்க மண் கொண்டு வந்தீங்களா?"

"ஒரு கூடையும் இல்ல சேர். நிர்வாகத்திட்டக் கேளுங்க."

"அப்ப இவ்வளவும் கொடி பிடிச்ச மண்." கோவையைத் தட்டினார். "மூணு வருஷம், ஒரு மாசம் தவறாம, உங்களுக்கு எதிரா நிண்ட ஒராள் எடுத்த அளவு. இதவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது."

மசூரின் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். குடை சரிந்து வெயில் முகத்தில் அடித்தது. அவர் கவனிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் அனுபவித்து ரசித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"மசூர் எண்டது நீங்களா? இந்த அளவெல்லாம் நான் எடுத்ததுதான் எண்டு இதில ஒரு கையெழுத்து வச்சுத் தாங்க" என்றார் தனஞ்சயன்.

மசூர் குடையை மடக்கினார். மெதுவாக நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அது சபைக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மூன்று வருடமாக அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் மனிதர்.

"என்ட கையெழுத்து செல்லாது சேர். இந்தப் புள்ளதான் எழுதிக் குடுத்திரிக்கி. வாசிச்சிப் பாருங்க."

தனஞ்சயன் வாசித்தார். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். ஷிப்லி காக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"இவர்ர அளவு சரியா, பிழையா? நீங்கதான் சொல்லணும்" என்று என்னைக் கேட்டார் தனஞ்சயன்.

பிழை என்று சொன்னால் என் மண்மேடு இல்லை. சரி என்று சொன்னால் என் கடிதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஆள் அளப்பதில் பிழை விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதுதான் கசந்தது.

"சரி" என்றேன். "அவர்ர அளவு பிழைக்காது."

"வாயால சொன்னாக் காணாது. எழுதித் தரட்டும்" என்றார் மசூர்.

தனஞ்சயன் நிறுவகத்தின் சாட்சிப் படிவம் ஒன்றைத் தந்தார்; வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ‘மசூர் அவர்களின் அளவீடுகள் ஓரளவு நம்பத்தகுந்தவை. அவர் தொழிலறிவும் நேர்மையும் உள்ளவர்.’ இரண்டாவது வரி படிவத்திலேயே அச்சிட்டுக் கிடந்தது, நானாக எழுதியதில்லை. மசூர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை வாசித்தார்.

"ஓரளவு எண்டத வெட்டு."

வெட்டினேன்.

"வெட்டின இடத்தில கையெழுத்துப் போடு."

போட்டேன். பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். தனக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் தன் கையெழுத்தை வைத்தார். போகும்போது தனஞ்சயனிடம் இன்னொரு தாளையும் கொடுத்தார். "நேத்து தட்டினதுக்குப் பொறகும் மட்டம் எடுத்தன் சேர். ஏழாவது இடத்தில இப்ப முப்பத்தஞ்சுதான் இரிக்கி. கணக்கு முழுசா இரிக்கட்டும்."

மூன்று மாதத்தில் சோதனை முடிவு வந்தது. தேறிவிட்டேன். அதற்கிடையில் ஷிப்லி காக்கா ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, நான் காட்டிய இடத்தில் கொடி நட்டார். நான் இடத்தைக் காட்டினேனே தவிர முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கொடி வேர் பிடிக்க முன்னம் வாடை வந்து, மதிலில் இருபது அடியைக் கடல் கொண்டுபோனது. மசூர் அதையும் அளந்தார்.

முத்திரை கைக்கு வந்த அதே வாரம், கடற்கரையில் இன்னொரு பூங்காவுக்கு மசூர் படம் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மறுபடியும் பள்ளக் காணியில், மறுபடியும் ஊஞ்சலோடு. கொழும்புக் கையெழுத்துக்கூட இல்லையாம். புது முத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனேன். தகுதியில்லாதவரின் படத்தை எப்படி ஏற்றீர்கள் என்று அங்கிருந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன்.

அவர் கோவையைத் திறந்து என் பக்கம் திருப்பினார். படத்துக்கு மேலே, லெமினேட் செய்து, கிளிப் போட்டுக் கிடந்தது, கடற்கரையில் நான் எழுதிக் கொடுத்த படிவத்தின் பிரதி. தொழிலறிவும் நேர்மையும் உள்ளவர். வெட்டிய இடத்தில் என் கையெழுத்து, கீழேயும் என் கையெழுத்து.

"நீங்க முந்தி ஒரு கடிதம் தந்தீங்கதான் மிஸ்" என்றார் உத்தியோகத்தர். "ஆனா அப்ப உங்களுக்கு லைசன்ஸ் இல்லயே. இது நிறுவகத்திட படிவம். அதோட இப்பதானே உங்கட கையெழுத்து செல்லும்?"