மூன்றாவது வரிசை நாற்காலி

எங்கள் கிரைண்டர் உற்பத்தியாளர் சங்க மண்டபத்தில் யார் மேடையேறிப் பேசினாலும், அவரே மூன்றாவது வரிசையிலும் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலிக்கு மட்டும் வெள்ளை உறை போட்டிருக்கும். பேச்சு முடிந்ததும் பேசியவர் இறங்கி வந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டும். இருவரும் ஒருவராகிவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் ஒரே இலைதான்.

அந்த நாற்காலியில் இருந்து கேட்பவருக்குச் சலித்துவிட்டால்தான் வம்பு. பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். நாற்காலி காலியாகிவிட்டால் பேச்சை முடிக்க முடியாது. மேடையில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மைக்கை அணைத்துவிட்டு அவரைத் திரைக்குப் பின்னால் நகர்த்திவிடுவோம். முன்னாள் தலைவர் சென்னியப்பன் நாலு வருஷமாக அங்கே பேசுகிறார். வீட்டுக்குப் போன சென்னியப்பன் தொழிலை நன்றாகத்தான் நடத்துகிறார். திரைக்குப் பின்னால் மொத்தம் ஆறு பேர். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எனக்கோ கை நடுங்கும். இருநூறு பேரை விரட்டி வேலை வாங்குகிறவன், மைக்கைப் பார்த்தால் கோழிக்குஞ்சு. மற்ற முதலாளிகளைக் கேட்டால், "பயமா? எனக்கா?" என்று மீசையைத் தடவுவார்கள். பச்சைப் புளுகு. சட்டையை முதுகுப் பக்கம் பார்த்தால் தெரியும்.

பெண் பார்க்கப் போன அன்றே என் கைக் காபி பாதி தரையில் கொட்டிவிட்டது. அதைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னதாக என் மனைவி வசந்தாமணி இன்றும் கேலி செய்வாள்.

"ஏனுங்க, கூட்டத்தைப் பார்க்காதீங்க. என்னையப் பார்த்துப் பேசுங்க," என்றாள், கூட்டத்தன்று காலையில். "நீங்க வராம நான் வீட்டுக்குப் போக மாட்டேன், போதுமா?"

மேடையேறினேன். வசந்தாமணிக்குப் பக்கத்தில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு துளி வியர்வை இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

ஆண்டறிக்கையைப் படிக்கத் தொடங்கினேன். தாள் படபடத்தது. மைக் சரியில்லை என்று இரண்டு தடவை தட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மண்டபமே அந்தத் தாளைத்தான் பார்க்கிறது என்று நினைத்தேன். நிஜத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள், மீதிப் பேர் பந்தி எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது ஒரே ஒருவர், மூன்றாவது வரிசையில் இருந்த நான்.

அவர் முகம் சுளித்தார். மணி பார்த்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு வசந்தாமணியிடம், "போலாமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். எழுந்து போனாள். சொன்ன சொல்லை அவள் தவறவில்லை. நான்தான் கூடவே போனேனே.

செயலாளர் மைக்கை அணைத்தார். "வாங்க தலைவரே," என்று என்னைத் திரைக்குப் பின்னால் நகர்த்தினார். சென்னியப்பன் பேச்சை நிறுத்தாமலே தள்ளி நின்று இடம் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வசந்தாமணி வந்தாள். மண்டபத்தில் யாரும் இல்லை. திரையை விலக்கி என் கையையே பார்த்தாள். தாள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டுல இருக்கிறவரு ஒரு சொட்டுக் காபி சிந்தறதில்லீங்க," என்றாள். "ராத்திரி பக்கத்துல படுக்கவே பயமா இருக்குதுங்க."

நான் கிரைண்டர் கல் விலை உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் மேடையேறி மைக்கைப் போட்டாள். மூன்றாவது வரிசையில் வசந்தாமணி கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றாள் மேடையில் இருந்தவள். மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல், "நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துங்க. தனித்தனியா ஊற வைக்கோணும்..." என்று ஆரம்பித்தாள்.

நாற்காலியில் இருந்தவள் முகம் சுளித்து எழுந்தாள். வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மேடையில் இருந்தவள் மைக்கை அணைத்துவிட்டு, பேசிக்கொண்டே திரைக்குப் பின்னால் வந்தாள். சென்னியப்பன் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். "வெந்தயம் ஒரு கரண்டி போதுமுங்க," என்று சொல்லியபடி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் நடுங்கியது. நான் ஆண்டறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.